மஞ்சள் தொட்டியின் கடைசி வருடம்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த பிளேட்டிங் பட்டறையில் ஒன்பது தொட்டிகள் இருந்தன. இதை எழுத உட்காரும் முன் கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து ஒரு முறை நடந்து பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்று, ஆசிட் தொட்டி ஒன்று, ஜிங்க் தொட்டி இரண்டு, கழுவும் தொட்டி மூன்று, வெளுக்கும் தொட்டி ஒன்று, கடைசியில் மஞ்சள் தொட்டி. ஒன்பதுதான்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்திலிருந்து ஆணி, போல்ட், கிளாம்பு என்று மூட்டை மூட்டையாக வரும். துருப்பிடிக்காமல் இருக்க அவற்றுக்கு நாங்கள் ஜிங்க் பூசுவோம். அதோடு விட்டால் போதாது. எங்கள் கடற்காற்றில் பத்தே நாளில் ஜிங்க் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் கடைசியாக மஞ்சள் தொட்டியில் ஒரு முக்கு. அதிலிருந்தது குரோமியக் கரைசல். கூடை வெளியே வரும் அந்தக் கணத்தைப் பார்க்க வேண்டும். பொன் நிறம். அதன் மேல் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் ஊதா, மழை பெய்த ரோட்டில் டீசல் சிந்தினாற்போல ஓடும். இன்றைக்கும் எனக்குப் பிடித்த நிறம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அது விஷம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பட்டறையில் எனக்குக் கெமிஸ்ட் என்று பெயர். ஆனால் ஸ்டோர் சாவி என்னிடம், லாரி வந்தால் பெட்டி எண்ணுவது நான், சாயங்காலம் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் நான். மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நான்காவது முறை இழுக்கவில்லையே என்று பஸ்ஸில் போகும்போது கவலை வரும்.

மஞ்சள் தொட்டியில் நின்றவர் ராயபுரத்துக்காரர். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். இவர் முதலில் நாலு வருஷம் வேறொரு பட்டறையில் ஆவி பறக்கும் குரோம் தொட்டியின் மேல் குனிந்து நின்றார். பிறகு பதினெட்டு வருஷம் எங்களிடம். குரோமியம் அவர் விரல்களில் மிளகு மிளகாகப் புண் போட்டிருந்தது. மூக்கின் நடுத்தண்டில் ஒரு ஓட்டையே விழுந்திருந்தது. நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"அல்லாருக்கும் மூக்குல ரெண்டு ஓட்ட. எனக்கு மூணு. காத்தோட்டம் சார்."

முக்கும் நேரத்துக்கு அவர் கடிகாரம் பார்த்ததில்லை. மங்கள வார்த்தை ஜெபம் ஒன்றை வாய்க்குள் சொல்லுவார். தொடங்கும்போது கூடை உள்ளே போகும், ஆமென் வரும்போது வெளியே வரும். அதை நம்ப முடியாமல் நான் ஒரு நாள் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு நாற்பது கூடைகளுக்கு நேரம் பார்த்தேன். முப்பத்தெட்டு கூடைகள் சரியாகப் பதினைந்து விநாடி. இரண்டு மட்டும் பதினாறு. அந்த இரண்டும் ஏன் என்று கேட்டேன்.

"தும்மல் வந்திச்சி சார்" என்றார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அந்தக் கடிதம் வந்தது. கிண்டியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி எங்களிடம் கிளாம்பு கொடுத்து பிளேட்டிங் செய்து வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிளாம்புகள் ஐரோப்பாவில் மின்சாரப் பெட்டிகளுக்குள் போகும். அங்கே புதுச் சட்டம். அடுத்த வருஷம் ஜூலையிலிருந்து மின் சாதனங்களில் ஆறு பொருட்கள் இருக்கக் கூடாது, கம்பெனிக்கு முன்கூட்டியே எல்லாம் மாறியாக வேண்டும். ஆறு பெயர்களையும் வரிசையாக அடித்து அனுப்பியிருந்தார்கள். ஈயம், பாதரசம், காட்மியம் என்று வாசித்துக்கொண்டே வந்தேன். மூன்றும் எங்களிடம் இல்லை. நான்காவது பெயர் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதில் நின்றுவிட்டேன். அது எங்கள் மஞ்சள் தொட்டி.

முதலாளி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டுல கழிவு நீர் சட்டம்னு தொட்டி கட்டச் சொன்னாங்க, கட்டினோம். அது நம்ம ஊரு சட்டம், சரி. அவன் ஊருல சட்டம் போட்டா திருவொத்தியூர்ல எனக்கு ஏன்யா வயித்தெரிச்சல்?"

ராயபுரத்துக்காரரிடம் நான் விளக்கினேன். பெட்டி பழசாகி அவர்கள் குப்பையில் போட்டால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஆகாது, அதனால்தான் தடை என்றேன்.

"அவங்க குப்பைக்கு ஆவாதா?"

"ஆமாம்."

"தோடா. எம் மூக்குக்கு ஆவாதுன்னு இத்தினி வருசத்துல ஒர்த்தனும் லெட்டர் போடல."

நான் ஒரு கெமிஸ்ட், நானும் எந்த லெட்டரும் போடவில்லை.

பத்தாவது தொட்டி வந்தது. அதில் விஷமில்லாத வேறு வகைக் குரோமியம். கரைசலை அறுபது டிகிரி சூட்டில் வைக்க வேண்டும், அறுபது விநாடி முக்க வேண்டும். வெளியே வருவது லேசான நீலம் ஓடிய வெள்ளை. அவ்வளவுதான். பொன்னும் இல்லை, டீசல் வானவில்லும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் மஞ்சளைத்தான் கேட்டார்கள் என்பதால் பழைய தொட்டியும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே நான்கு அடி. இன்று நினைத்தால் அந்த நான்கு அடியில்தான் எங்கள் தவறு தொடங்கியது.

"அறுபது விநாடின்னா நாலு மங்கள வார்த்த" என்று ராயபுரத்துக்காரர் கணக்குப் போட்டார். "இப்டியே போனா டியூட்டி முடியறதுக்குள்ள மோட்சம் கன்பர்ம் சார்."

கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. ஒவ்வொரு லாட்டிலும் பத்துத் துண்டுகளை எடுத்து நான் சோதிக்க வேண்டும். ஒரு சொட்டு மருந்து விட்டால், பழைய குரோமியம் இருந்தால் ஊதா நிறம் காட்டும், இல்லையென்றால் தண்ணீர் மாதிரி நிற்கும். சுத்தம் என்று நான் கையெழுத்துப் போட்ட தாளோடுதான் பெட்டிகள் போக வேண்டும். ஒரு துண்டு தவறினாலும் சரக்கு திரும்பும், வேலை வேறு பட்டறைக்குப் போகும். முதலாளி எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இந்தப் பார்ட்டி போனா பட்டறை இல்ல. இதுல யார் கை தவறினாலும், அவன் மறுநாள் வர வேணாம்."

எல்லாரும் தலையாட்டினோம். எனக்கு மட்டும் ராயபுரத்துக்காரரின் விரல்கள்தான் கண்ணில் பட்டன. ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் புண்களோடு அவரை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

முதல் மூன்று லாட்டும் சுத்தமாகப் போயின. மூன்று பத்து முப்பது சொட்டு, ஒன்றிலும் நிறமில்லை. ஆனால் பெட்டியில் அடுக்கும் பெண்ணுக்கு அந்த வெள்ளை பிடிக்கவில்லை. அவர் சடையங்குப்பத்திலிருந்து வருபவர். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தாவது நேரத்துக்கு வந்துவிடுவார், வாய்தான் கொஞ்சம் அதிகம்.

"இன்னா அண்ணாத்த, சோகை புடிச்சாப்புல கீது?"

"தொட்டி புச்சு. அப்டித்தான் இருக்கும்" என்றார் ராயபுரத்துக்காரர்.

"பாதி வேலைல வுட்டுட்டு டீ குடிக்கப் பூட்ட மாதிரி கீது. உன் கைல வந்த சாமான்னு சொன்னா எவன் நம்புவான்?"

அவர் சிரித்தார். ஆனால் அன்று முழுக்க வெள்ளைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது லாட் முப்பத்தாறு பெட்டி, பெட்டிக்கு இருநூற்றைம்பது, மொத்தம் ஒன்பதாயிரம் கிளாம்பு. அது முடிந்த மத்தியானம் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. போலீஸ் வந்துவிடுமோ என்று வாசலுக்கு ஓடி ஓடிப் பார்த்தேன். கிளாம்பு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. வெள்ளையில் மெல்லிய வெயில் பட்டாற்போல ஒரு சாயல். தொட்டி பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சொட்டு விடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். என் வேலையில் நான் எண்ணாமல், பார்க்காமல் செய்த ஒரே காரியம் அது.

மறுநாள் காலை ரிஜிஸ்டரில் அந்தப் பத்துக் கட்டங்களும் காலியாக இருந்தது உறுத்தியது. ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு துண்டை உறையில் போட்டு எடுத்துவைப்பது வழக்கம். ஒன்றை எடுத்துச் சொட்டு விட்டேன். ஊதா வந்தது. இரண்டாவதிலும் வந்தது.

ராயபுரத்துக்காரரைக் கூப்பிட்டேன். "நேத்து போன லாட்டை எப்படி முக்கினே?"

"ஏன் சார், நல்லா இல்லியா?"

"நல்லா இருந்தது. அதான் கேக்கறேன்."

"வெள்ளத் தொட்டில நாலு மங்கள வார்த்த, கரெக்டா. அப்பால மஞ்சள்ல சும்மா..."

"சும்மா?"

"ஒரு ஆமென் நேரம் சார். அவ்ளோதான். மூஞ்சிக்குப் பவுடர் போட்டாப்புல."

நான் துண்டை நீட்டினேன். "இன்னா இது, கத்திரிப்பூ கலரு?" என்று குனிந்து பார்த்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நீ போட்ட பவுடர்தான் அந்த நான்காவது பெயர் என்றேன். அவர் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளையா அனுப்பினா, இவன் வேல தெரியாதவன்னு சொல்லுவாங்கன்னு பயந்தேன் சார். பொட்டி எங்க கீது?"

"கம்பெனியோட மணலி குடோனுக்கு நேத்தே போயாச்சு."

சொல்லாமல் விட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். ஒன்பதாயிரத்தில் எதையாவது ஒன்றை அங்கே யாராவது சோதிக்க வேண்டுமே என்று மனம் கணக்குப் போட்டது. பிறகு அதே மனம் கணக்கைத் திருத்தியது. எல்லாமே மஞ்சளில் முக்கி எடுத்தவை, எந்த ஒன்றை எடுத்தாலும் ஊதாதான்.

"நீ சொல்லாத சார். எம் வாய்லயே சொல்லிக்கறேன்" என்றார்.

"கையெழுத்து என்னுது."

"முக்கின கை என்னுது."

இரண்டு பேருமாகவே போய் நின்றோம். அவர் மஞ்சளில் முக்கியதைச் சொன்னார், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னார். மறுமுனையில் அவர்கள் கத்தியது எங்களுக்கே கேட்டது. பெட்டிகள் காலையிலேயே கன்டெய்னரில் ஏறிவிட்டன, லாரி துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கிறது, டிரைவரின் செல்போன் கிடைக்கவில்லை. துறைமுக கேட்டுக்குள் போவதற்கு முன் பிடித்துத் திருப்பினால், மூன்று நாளில் சரிசெய்து அடுத்த கப்பலில் ஏற்றலாம் என்றார்கள்.

முதலாளி தன் செல்போனை என் கையில் வைத்தார். "போய் வண்டியைப் புடிங்க. யார் இருக்கறது, யார் போறதுங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தக் காலத்துக் கன்டெய்னர் வரிசையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கடலுக்கு இந்தப் பக்கமாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் லாரி. டிரைவர்கள் டயருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குவார்கள், துணி துவைத்துக் கயிறு கட்டிக் காயப் போடுவார்கள். வரிசையின் வாலில் ஆட்டோவை விட்டு இறங்கி, கன்டெய்னரின் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு நடந்தோம்.

"எண்பத்தொன்பது, தொண்ணூறு..."

"எண்ணினு வராத சார், நம்பரப் பாரு!"

"எண்ணாமப் போனா ஒண்ணு தவறிடும்யா."

"தவறினா நா பாத்துக்கறேன். எங்கண்ணு நல்லாத்தான் கீது, மூக்குதான் ஓட்ட."

நூற்றுப் பதினேழாவது வண்டி எங்களுடையது. காசிமேட்டை நெருங்கிவிட்டிருந்தது. டிரைவர் லாரிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தார். செல்போனில் சார்ஜ் இல்லையாம். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார்.

"திருப்பறதா? காத்தாலருந்து இன்ச் இன்ச்சா நவுந்து இங்க வந்துகீறேன். முன்னால வண்டி, பின்னால வண்டி. எங்கத் திருப்பறது, வானத்துலயா?"

முதலாளியின் போனில் கம்பெனிக்காரரைப் பேச வைத்தேன். டிரைவர் "சரி, சரி" என்று கேட்டுவிட்டு, தடுப்பில் இருந்த ஓர் இடைவெளியைக் காட்டினார். அங்கே திருப்பலாம், ஆனால் எதிரே வருவதை யாராவது நிறுத்த வேண்டும். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிய ஆட்டோக்கள் பறந்து வரும் நேரம். ராயபுரத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

"யோவ் பெர்சு! மீனு நாறிடும், வழி வுடுய்யா!" என்று ஒரு ஆட்டோக்காரன் கத்தினான்.

"நாறட்டும் மாமு! எம் பொழப்பே நாறிக் கீது, உம் மீனு நாறினா இன்னா!"

ஐந்து நிமிஷத்தில் பதினொரு ஆட்டோ, நான்கு வேன், ஒரு பஸ் அவர் முன்னால் சேர்ந்துவிட்டன. நான் ஓரமாக நின்று, அவர் மேல் எதுவும் மோதிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தேன். லாரி மெல்ல மெல்லத் திரும்பியது.

பிறகு மூன்று நாள். முப்பத்தாறு பெட்டியையும் பிரித்தோம். ஆசிட்டில் போட்டுப் பூச்சையெல்லாம் உரித்தோம். மறுபடி ஜிங்க், மறுபடி வெள்ளைத் தொட்டி. கூடைகள் எல்லாம் புதியவை. மஞ்சள் தொட்டியைப் பலகை போட்டு மூடினோம். சடையங்குப்பத்துப் பெண் தன் பெட்டிகளைக் கொண்டுவந்து அந்தப் பலகையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நா இங்கயே குந்திகினு பேக் பண்றேன். அண்ணாத்த கை எப்டி உள்ள பூறுதுன்னு பாத்துடறேன்."

"நீதான சோகைன்ன?" என்றார் அவர்.

"நா ஆயிரம் சொல்லுவேன். அதுக்குன்னு பவுடர் போடுவியா?"

முதலாளி அந்த மூன்று நாளும் ராயபுரத்துக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் வந்து நிற்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், போய்விடுவார். சாயங்காலமானால் ராயபுரத்துக்காரர் என்னிடம் வந்து, "நாளிக்கி வரணுமா சார்?" என்பார். வேலை முடியும் வரை வா என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஏது அதிகாரம்? இரண்டாம் நாள் அவர் ஆணியில் மாட்டியிருந்த மாற்றுச் சட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பதினெட்டு வருஷமாக அந்த ஆணியில் ஏதாவது ஒரு சட்டை தொங்கும்.

மூன்றாம் நாள் பெட்டிக்குப் பத்து வீதம் முந்நூற்று அறுபது துண்டு எடுத்தேன். பத்துப் போதும் என்றுதான் கம்பெனி சொல்லியிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் ராயபுரத்துக்காரர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். அவர் மூச்சு அந்த ஓட்டையில் மெல்லிய விசில் மாதிரி ஒலிக்கும், அன்று காதருகே கேட்டுக்கொண்டே இருந்தது. இருநூறைத் தாண்டியபோது, "போதும் சார், கண்ணு பூத்துடிச்சி" என்றார். நான் நிறுத்தவில்லை. முந்நூற்று அறுபதிலும் நிறமில்லை.

லாரி போன பிறகு முதலாளி ரிஜிஸ்டரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நிமிர்ந்து, மூன்று நாளில் முதல் தடவையாக ராயபுரத்துக்காரரைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு ஏழரைக்கு வந்துடு. அந்த மஞ்சத் தொட்டியைக் காலி பண்ணணும். உள்ளூர்க்காரனுக்கும் இனிமே வெள்ளைதான், வேணும்னா எடுக்கட்டும். அது இங்க இருக்கற வரைக்கும் உன் கை சும்மா இருக்காது."

"செரி மொதலாளி."

வாசலைத் தாண்டியதும் ராயபுரத்துக்காரர் என் கையைப் பிடித்தார். "காலி பண்ணச் சொன்னது தொட்டியத்தான சார்? என்னய இல்லியே?"

"தொட்டியைத்தான்."

"மெய்யாலுமா?"

"ஏழரைக்கு வரச் சொன்னாரேய்யா."

"ஆங், சொன்னாரு" என்றார். பத்தடி நடந்த பிறகு, "பதினெட்டு வருசம் சார் அந்தத் தொட்டி" என்றார். வேலை நிலைத்த சந்தோஷமும் தொட்டி போகிற வருத்தமும் ஒரே முகத்தில் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் நான் ஏழுக்கே போய்விட்டேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார், சட்டை ஆணியில் தொங்கியது. பலகையை எடுத்தோம். ஆசிட் ஊற்றி, விஷத்தை முறிக்க நான் அளந்து கொடுத்த பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவித் துடுப்பால் கலக்கினார். அன்று அவர் கையுறை போட்டிருந்தார், முகத்தில் துணி கட்டியிருந்தார். நான் கட்டாயப்படுத்தினேன். செம்பொன்னாக இருந்த கரைசல் துடுப்பு போன வழியில் பழுப்பாகி, பிறகு மெல்லப் பச்சையாகத் திரும்பியது. வேறொருவர் கலக்க வந்தபோது துடுப்பைத் தரவில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பொன் கடைசி வரை நின்றது. அதை இருவரும் பார்த்தோம். அவர் துடுப்பை அங்கே கொண்டுபோகச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை.

"இன்னா சார், பாசி புடிச்ச கொளம் மாதிரி ஆயிடிச்சி."

"ஆயிடுச்சு."

"கையெழுத்து போட்டுடு, அல்லாம் பூட்டுது."

"இரு" என்றேன். அதில் ஒரு துளி எடுத்து மருந்து விட்டுப் பார்த்தேன். நிறம் வரவில்லை. இன்னொரு மூலையிலிருந்தும் எடுத்தேன், அதிலும் வரவில்லை. பிறகுதான் ரிஜிஸ்டரில் போட்டேன்.